வாயில் மறுத்தல்: இலண்டன் மாநகரில் வேண்டா மடல்களின் வரலாறு

அகப்பொருள் மரபில் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. பரத்தையிற் பிரிந்த தலைவன் மீண்டும் இல்லம் புக விழைந்து பாணனையோ பிறரையோ தூது விடுக்க, தோழி வாயிலில் நின்று அத்தூதினை ஏலாது மறுப்பது அத்துறையின் பொருள். தோழி, பார்ப்பான், பாணன், கூத்தர், விறலியர் எனத் தூதுரைக்கும் வாயில்களைத் தொல்காப்பியக் கற்பியல் நிரல்படக் கூறுகிறது. செய்தியொன்று வந்து சேர்ந்தமையாலேயே அதனைக் கேட்கும் கடமை எவர்க்கும் ஏற்பட்டுவிடாது என்பதும், அதனை ஏற்பதா மறுப்பதா என்று உரைக்க வாயிலில் ஒருவர் நிற்பர் என்பதும் அத்துறைக்குள் அடங்கிய கருத்துகள். விடுத்தவர் யார், கொணர்ந்தவர் யார், வந்த பொழுது எது என்பவற்றை நோக்கியே தோழி மறுக்கிறாள். தூதின் சொற்கள் எத்துணை இனியவாயினும் அவை அவளிடம் செல்லுபடியாவதில்லை.

கேளாமலே வந்து குவியும் மடல்களை இந்நாளில் 'எரிதம்' என்றும் 'குப்பை அஞ்சல்' என்றும் வழங்குகிறோம். இக்கட்டுரை 'வேண்டா மடல்' என்னும் சொல்லை ஆள்கிறது. அதனைத் தடுத்து நிறுத்தும் முயற்சி கணினியோடு பிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இலண்டன் மாநகரின் அஞ்சல், தந்தி வரலாற்றை நோக்குவார்க்கு அவ்வெண்ணம் நிலைபெறாது. கட்டணத்தைச் செலுத்துபவர் யார், வாயிலில் நிற்பவர் யார், அவர் எம்மொழி அறிந்தவர் என்னும் மூன்று வினாக்கள் அந்நகரில் திரும்பத் திரும்ப எழுந்துள்ளன. மூன்றாம் வினா தமிழர்க்கு நேரே உரியது.

கட்டணமும் கதவும்

1840-க்கு முன்னர்ப் பிரித்தானியாவில் மடலுக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. அஞ்சற்காரர் கதவைத் தட்டியதும் மடலைக் கையில் வாங்கிப் பார்த்து, வேண்டாமெனில் திருப்பி அளிக்கும் உரிமை பெறுபவர்க்கு இருந்தது. உறையின்மேல் இட்ட குறிகளாலேயே செய்தியை உணர்ந்துகொண்டு, காசு கொடாமல் மடலைத் திருப்பி அனுப்பியோரும் உண்டு. நம் நாட்டில் கைப்பேசி பரவிய காலத்தில் 'மிஸ்டு கால்' கொடுத்தே செய்தி சொல்லிக்கொண்ட நம்மவர்க்கு இந்தத் தந்திரம் புதுமையாகத் தோன்றாது.

இம்முறையில் வேண்டா மடலுக்கு இடமே இல்லை. காசு கொடுத்து விளம்பரம் வாங்குவார் எவர்? 1837-இல் ரோலண்டு ஹில் வெளியிட்ட அஞ்சல் சீர்திருத்தச் சிறுநூலின் விளைவாக 1840 சனவரி 10 அன்று நாடெங்கும் ஒரே கட்டணமாக ஒரு பென்னி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே 6 முதல் அஞ்சல்தலை செல்லுபடியாயிற்று. 1839-இல் ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்த மடல்களின் எண்ணிக்கை 1840-இல் ஏறத்தாழ 16.9 கோடியாக உயர்ந்தது. ஏழை எளியோர் தம் மக்கட்கு மடல் எழுதும் வாய்ப்பினை இச்சீர்திருத்தம் வழங்கியது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், விடுப்பவரே முன்கூட்டிச் செலுத்தும் முறை வந்ததும், கதவருகே நின்று மறுக்கும் பழைய உரிமை பொருளற்றுப் போயிற்று. வணிகர்தம் சுற்றறிக்கைகளும் விலைப்பட்டியல்களும் வீடுதோறும் நுழைந்தன. 1870 அக்டோபரில் அரைப்பென்னி அஞ்சலட்டை வந்தபின் அவ்வழி மேலும் அகன்றது.

ஆயினும் அரைப்பென்னியும் ஒரு வேலியே. ஆயிரம் பேர்க்கு எழுத ஆயிரம் அரைப்பென்னி வேண்டும். வேண்டா மடல் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டது அச்செலவினாலேயாம்.

1864: பல் மருத்துவரின் தந்தி

வேண்டா மடலின் வரலாற்றில் இன்று பலராலும் முதற்சான்றாகக் காட்டப்படுவது 1864 மே இறுதியில் இலண்டனில் நிகழ்ந்த நிகழ்ச்சி. நாடாளுமன்ற உறுப்பினர் உள்ளிட்ட அரசியலாளர் சிலர்க்கு மாலைப்பொழுதில் தந்தி வந்தது. பிரித்துப் பார்த்தால், கேபிரியேல் என்னும் பெயருடைய பல் மருத்துவர்கள் ஆர்லி தெருவிலுள்ள தம் இல்லத்தில் அக்டோபர் வரை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை நோயாளிகளைப் பார்ப்பர் என்னும் அறிவிப்பு அதில் இருந்தது. தந்தி பெற்றவருள் ஒருவர் *தி டைம்சு* நாளிதழுக்கு எழுதினார். அம்மருத்துவரோடு தமக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை என்றும், விளம்பரத்திற்காகத் தந்தியனுப்பித் தம்மைத் தொல்லைப்படுத்த அவர்க்கு என்ன உரிமை என்றும் வினவி, இத்தொல்லையை நிறுத்த இதழ் ஒரு சொல் உரைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார்.

இச்செய்தி இன்று வேடிக்கைக் குறிப்பாகவே எடுத்தாளப்படுகிறது. அதனைச் சற்று நின்று நோக்குதல் தகும். அத்தந்தியைக் கொண்டு சேர்த்தது இலண்டன் மாவட்டத் தந்திக் குழுமம். நகருக்குள்ளேயே குறைந்த விலையில் தந்தி அனுப்புவதற்காக 1859-இல் அது தோன்றியது. நெடுந்தொலைவுக்கும் பேரவசரத்திற்கும் உரியதாகக் கருதப்பட்ட தந்தியை அடுத்த தெருவிற்கு அனுப்பும் பொருளாக அக்குழுமம் மாற்றியது. சில பென்சு செலவில் ஒருவரது மாலைப்பொழுதைக் குலைக்க முடிந்தது. வேண்டா மடல் பெருகும் இடமெல்லாம் இவ்வாறு ஒரு விலைக்குறைப்பு முன்னதாக நிகழ்ந்திருப்பதைக் காணலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தந்தி பெற்றவர் பணம் செலுத்தவில்லை. அவர் இழந்தது மன அமைதி. தமிழகத்துச் சிற்றூர்களில் தந்திக்காரர் மிதிவண்டி தெருமுனையில் திரும்பினாலே யார் இறந்தாரோ என்று நெஞ்சு பதைத்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். இந்தியாவில் தந்திச்சேவை 2013 சூலை 15-இல்தான் முடிவுக்கு வந்தது. அப்பதைப்பினைத் தன் விளம்பரத்திற்கு ஊர்தியாக்கிக்கொண்டார் என்பதே கேபிரியேலின் மீதான உண்மையான குற்றச்சாட்டு. சட்டம் அதனைக் குற்றமாகக் கருதவில்லை. ஆகவே அக்கனவான் வழக்கு மன்றத்தை நாடாமல் இதழாசிரியரை நாடினார்.

வாயிற்காவலர் படித்த மடல்

வேண்டாதவற்றை வடிகட்ட வேண்டுமெனில் வருபவற்றைப் பார்க்க வேண்டும். பார்க்கும் கண் எங்கே நிற்கும் என்னும் அச்சத்தையும் இலண்டன் முன்னரே கண்டிருந்தது. 1844-இல், அந்நகரில் புகலிடம் பெற்று வாழ்ந்த இத்தாலிய விடுதலை இயக்கத் தலைவர் மாட்சினி, தம் மடல்கள் அஞ்சலகத்தில் பிரிக்கப்படுவதாக ஐயுற்றார். உறையினுள் சிறு பொருள்களை இட்டு அனுப்பச் செய்து, அவை வந்து சேரும் நிலையைக் கொண்டு அவ்வையத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். நாடாளுமன்ற உறுப்பினர் தாமசு டங்கோம் வழியே முறையீடு மன்றத்திற்குச் சென்றது. உள்துறை அமைச்சர் சர் சேம்சு கிரகாமின் ஆணையின் பேரிலேயே மடல்கள் பிரிக்கப்பட்டன என்பது வெளிப்பட்டதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. புலம்பெயர்ந்து இலண்டனில் வாழும் எம்மக்கள் கூட்டத்திற்கும், ஈழத்தமிழர் உட்பட, இந்நிகழ்ச்சியின் பொருளை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

கணினிக் காலம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பீட்டர் கிர்சுட்டைன் தலைமையிலான குழுவினர் 1973-இல் நார்வே வழியாக அமெரிக்க ஆர்ப்பாநெட்டுடன் இணைந்தனர். நுழைவுச்சொல் இன்றி எவரும் அவ்வாயிலைக் கடத்தல் கூடாது எனக் கிர்சுட்டைன் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்தார். பிற முனைகளில் அத்துணைக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1978 மே 3 அன்று அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே நேரத்தில் விளம்பர மடலை விடுத்தார். கண்டனம் எழுந்தது, பொருளும் விற்றது. 1994 ஏப்பிரலில் அரிசோனா வழக்கறிஞர் இணையர் குடியேற்றச் சீட்டு பற்றிய விளம்பரத்தை உலகின் ஆயிரக்கணக்கான பொதுமன்றங்களில் ஒருசேர இட்டபோது கண்டனம் முன்னினும் பெரிதாயிற்று. வணிகமும் முன்னினும் பெரிதாயிற்று.

'ஸ்பேம்' என்னும் பெயரும் இலண்டன் வழியே வந்ததுதான். அது 1937-இல் அமெரிக்காவில் அறிமுகமான தகரப்புட்டி இறைச்சியின் வணிகப்பெயர். போர்க்காலப் பற்றாக்குறையில் பிரித்தானியர் அதனை உண்டு சலித்தனர். 1970 திசம்பர் 15 அன்று பிபிசி ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடரொன்றில், உணவகத்தின் ஒவ்வோர் உணவிலும் அவ்விறைச்சி இடம்பெற, பேச்சையெல்லாம் அச்சொல் மூழ்கடித்துவிடும். கணினிப் பயனர் அக்காட்சியை நினைந்தே இத்தொல்லைக்கு அப்பெயரைச் சூட்டினர்.

விடுப்பவர் செலுத்த வேண்டிய அரைப்பென்னியும் இப்போது இல்லை. ஒரு மடலுக்கும் பத்து இலட்சம் மடல்களுக்கும் விடுப்பவரின் செலவு வேறுபாடு மிகச் சிறிது. தொலைபேசிக் கட்டணத்தில் இணைந்து மடலை இறக்கிக்கொண்ட 1990-களின் பிரித்தானியப் பயனர் தமக்கு வந்த விளம்பரத்திற்கும் நிமிடக்கணக்கில் பணம் செலுத்தினார். 1840-க்கு முந்திய நிலை திரும்பி வந்தது. கதவருகே நின்று மறுக்கும் உரிமை மட்டும் திரும்பவில்லை.

விட்டாலும் வழக்கு, தடுத்தாலும் வழக்கு

வாயில் காப்போரின் இக்கட்டினை இரண்டு வழக்குகள் விளக்கும். 1997 சனவரியில் இலண்டன் இயற்பியல் விரிவுரையாளர் ஒருவரின் பெயரில் பொய்யான மடலொன்று பொதுமன்றத்தில் வெளியாயிற்று. இலண்டன் பின்ச்லியில் இயங்கிய டெமன் இணைய நிறுவனத்தின் கணினியிலும் அது தங்கியது. நீக்குமாறு அவர் கேட்டபின்னும் அது சில நாள் அங்கேயே கிடந்தது. 1999 மார்ச்சில் உயர்நீதிமன்றம், அறிவிப்புப் பெற்றபின் நீக்காதிருந்த நிறுவனம் 1996-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது எனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 15,000 பவுண்டு இழப்பீடும் வழக்குச் செலவும் அளித்து உடன்பாடு கண்டது.

மற்ற வழக்கு தடுத்தமையால் எழுந்தது. சுடீவ் லின்போர்டு என்பார் 1998-இல் இலண்டனில் ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார். வேண்டா மடல் எழும் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைத் திரட்டிப் பட்டியலிடுவது அதன் பணி. மடலைப் பெறும் கணினி, விடுக்கும் கணினியின் எண்களைத் தலைகீழாக அடுக்கி, தளப்பெயர் போல அமைத்து அப்பட்டியலை வினவும். 127.0.0.2 போன்றதொரு விடை வந்தால் அம்முகவரி பட்டியலில் உள்ளது என்று பொருள். விடை வாராதாயின் தடையில்லை. மடலின் உள்ளடக்கத்தை எவரும் படிப்பதில்லை என்பதை இங்கே குறித்தல் வேண்டும். தோழி பாணனின் பாட்டைக் கேட்டு மறுப்பதில்லை. அவன் யாருடைய பாணன் என்பதை அறிந்தே மறுக்கிறாள்.

தாம் எதனையும் தடுப்பதில்லை, கருத்தினை வெளியிடுகிறோம், ஏற்பதும் விடுப்பதும் மடல் பெறுவோர் விருப்பம் என்பது ஸ்பாம்ஹவுசின் நிலை. சிலப்பதிகார வழக்குரை காதையில் வாயிலோன் வந்தவளின் தோற்றத்தை அரசனுக்கு உரைத்து நிற்கிறான். அவளை உள்ளே விடுவதோ விலக்குவதோ அரசனுடைய பொறுப்பு. அவ்வாயிலோனின் இடத்தையே இவ்வமைப்பும் தனக்கு வேண்டியது. ஆனால் உலகின் பெரும்பகுதி அரசர் ஒரே வாயிலோனின் சொல்லை வினவாமல் ஏற்கத் தொடங்கும்போது, அவன் உரைப்பது கருத்து என்பதோடு நிற்குமா? ஸ்பாம்ஹவுசின் பணியால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும் இவ்வினாவிற்கு அவ்வமைப்பு தந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை.

2006-இல், பட்டியலில் சேர்க்கப்பட்ட அமெரிக்க நிறுவனமொன்று இல்லினாய் மாநிலத்தில் வழக்குத் தொடர்ந்தது. இலண்டன் அமைப்பின்மீது அம்மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று கூறி ஸ்பாம்ஹவுஸ் எதிர்வாதத்திலிருந்து விலகியது. எதிர்ப்பார் இன்மையால் 1,17,15,000 அமெரிக்க வெள்ளி இழப்பீடாக விதிக்கப்பட்டது. அமைப்பின் தளப்பெயரையே முடக்க வேண்டும் என்னும் கோரிக்கையை நீதிபதி ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் அத்தொகை நீக்கப்பட்டு, மறு உசாவலில் 27,002 வெள்ளியாகக் குறைந்து, 2011 செப்டம்பரில் மூன்று வெள்ளியாக முடிந்தது.

சட்டம் எங்கே இருந்தது என்று கேட்கலாம். பிரித்தானியாவில் 2003 திசம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்த மின்னணுத் தொடர்பு விதிகள், முன்னிசைவு இன்றித் தனிநபர்க்கு விளம்பர மடல் விடுப்பதைத் தடை செய்தன. நிறுவன முகவரிகள் அத்தடைக்குள் வரவில்லை. பெரும்பாலான மடல்கள் நாட்டின் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தமையால் விதியின் கை சிறிதே நீண்டது.

2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ்மீது நடந்த தாக்குதல், நொடிக்கு 300 கிகாபிட் அளவை எட்டியதாக அக்காலத்தில் கூறப்பட்டது. டச்சு நாட்டுக் கணினி நிறுவனமொன்றின் முகவரிகளை அவ்வமைப்பு பட்டியலிட்டமை அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. அமைப்பை வீழ்த்த இயலாதபோது தாக்கியோர் இணைய இணைப்பு மையங்களை நோக்கித் திரும்பினர். அவற்றுள் ஒன்றான இலண்டன் இணைய இணைப்பு மையமும் சிறிது நேரம் நிலைகுலைந்தது. இதில் தொடர்புடையோருள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த 16 வயது மாணவர். 2015-இல் அவர்க்கு 240 மணி நேரச் சமூகப்பணி தண்டனையாக விதிக்கப்பட்டது.

வாயிலோன் அறியா மொழி

முகவரியை நோக்கும் முறை இதுவெனில், சொற்களை எண்ணும் முறை மற்றொன்று. இலண்டன் பன்கில் பீல்ட்சு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்ட தாமசு பேயசு என்னும் சமயகுருவின் நிகழ்தகவுக் கட்டுரையை, அவர் மறைந்தபின் நண்பர் ரிச்சர்டு பிரைசு 1763-இல் அரசக் கழகத்தின் முன் வைத்தார். அத்தேற்றத்தை மடல் வடிகட்டலுக்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் 1998-இல் வெளிவந்தன. 2002 ஆகத்தில் பால் கிரகாம் எழுதிய கட்டுரை அம்முறையைப் பரவலாக்கியது. ஒரு சொல் நல்ல மடல்களில் எத்தனை முறை வந்தது, வேண்டா மடல்களில் எத்தனை முறை வந்தது என்பதைக் கணக்கிட்டு, அச்சொல்லுக்கு ஓர் எண் வழங்கப்படும்.

'சொல்' என்பது யாது? கிரகாமின் கட்டுரையில் எண்ணெழுத்துகள், சிறுகோடு, மேற்குறி, டாலர்க் குறி ஆகியவை சொல்லின் உறுப்புகள். எஞ்சிய யாவும் சொற்களைப் பிரிக்கும் இடைவெளிகள். எழுத்து என்பது உரோமன் எழுத்தெனவே கொள்ளப்படின், தமிழ் மடல் ஒன்று முழுவதும் இடைவெளியாகிவிடும். தலைக்குறிப்பில் உள்ள ஆங்கிலத் துணுக்குகளைக் கொண்டே அம்மடலுக்குத் தீர்ப்புக் கிடைக்கும். தமிழ் எழுத்துகளை அறிந்த வடிகட்டிக்கும் இடர் உண்டு. ஆங்கிலத்தில் 'வீடு' என்பதற்கு ஒருமை, பன்மை என இரு வடிவங்கள். நமக்கோ வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே, வீடுகளையும் என அச்சொல் விரிந்துகொண்டே செல்லும். ஒவ்வொரு வடிவமும் வடிகட்டிக்குப் புதுச்சொல். எண்ணிக்கை திரள்வதற்குள் சொல் மாறிவிடுகிறது.

எழுத்துக் குறியேற்றத்தால் நேர்ந்த இடர் இதனினும் பெரிது. 1990-களின் இறுதியில் உலகத் தமிழர் திஸ்கி போன்ற எட்டு பிட் குறியேற்றங்களில் மடல் எழுதினர். அனைத்துலகப் பதிவேட்டில் திஸ்கி இடம்பெற்றது 2007-இல்தான். அதுவரை தமிழ் மடல் தன் மொழியின் பெயரைத் தானே அறிவிக்க வழியின்றிப் 'பயனர் வரையறுத்தது' என்னும் பொதுச்சீட்டோடு பயணம் செய்தது. 2001-இல் தோன்றிப் பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின்கீழ் வந்த ஸ்பாம்அசாசின் மென்பொருளில், தலைப்பு வரியில் குறியேற்றம் அறிவிக்கப்படாத எட்டு பிட் எழுத்துகள் மிகுந்திருந்தால் குற்றப்புள்ளி வழங்கும் விதி உண்டு. அவ்விதியின் பெயரிலேயே அவை 'முறையற்ற எழுத்துகள்' எனப்பட்டன. சேமமாக ஒருங்குறிக்கு மாறியோர்க்கும் மற்றொரு விதி காத்திருந்தது. ஒருங்குறித் தமிழ் மடலைப் பல மென்பொருள்கள் அடிப்படை 64 என்னும் முறையில் உருமாற்றி விடுத்தன. உரையை அவ்வாறு அனுப்புவதை, உள்ளடக்கத்தை மறைக்கும் மாறுவேடமாக அம்மென்பொருள் கருதியது. விளம்பரக்காரர் அம்முறையை உண்மையிலேயே மறைப்புக்குப் பயன்படுத்தினர் என்பதால் விதியை எழுதியோரைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ் எழுதுவோர்க்கோ அது மாறுவேடமன்று. அவர்தம் எழுத்து கடலைக் கடக்கக் கிடைத்த ஒரே கலம்.

அக்கால மடல்களைத் திரட்டி வைத்திருப்போரிடம் அவற்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உடல் முழுதும் தமிழாக இருக்கும் மடல்களிலும் தலைப்பு வரி பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே உள்ளது. 'வணக்கம்' என்பதும் 'பொங்கல் வாழ்த்து' என்பதும் அவ்வெழுத்திலேயே எழுதப்பட்டுள்ளன. விசைப்பலகைப் பழக்கம் அதற்கு ஒரு காரணமாகலாம். வாயிலோன் அறிந்த மொழியில் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே நுழைவதும் ஒரு காரணம். தமிழ் மின்மடல்களை ஆவணமாகத் தொகுப்போர் தலைப்பு வரிகளின் எழுத்துமுறையையும் ஆண்டுவாரியாகக் குறித்து வைப்பின், ஒருங்குறி நிலைபெற்ற காலத்தை அவற்றிலிருந்தே கணிக்க இயலும். வடிகட்டிகள் ஒதுக்கிய பெட்டிகளில் தங்கி, படிக்கப்படாமலே அழிந்த மடல்கள் அத்தொகுப்பில் இடம்பெறா.